முதலாளி வண்டி சொட்டாது

எண்பதுகளில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் இரண்டு விஷயங்களை எதிர்த்து யாரும் பேச முடியாது. ஒன்று, அன்றைய மிளகு விலை. அதை யூதத்தெரு மிளகு எக்ஸ்சேஞ்ச் சொல்லும். 1957இல் அதை நடத்தும் சங்கம் தொடங்கியது முதல் அங்கே சொன்னதுதான் விலை. இன்னொன்று, எங்கள் அப்பா ஓட்டிய வெள்ளை வண்டியில் ஒரு சொட்டு ஆயில் கசியாது என்பது. அதை முதலாளி சொல்வார். மிளகு விலையை நிலைநாட்ட எக்ஸ்சேஞ்ச் கூடத்தில் பலபேர் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. வண்டியின் பெருமையை நிலைநாட்ட ஒரு தகரம் போதுமாக இருந்தது.

முதலாளி குஜராத்திச் சேட். சுக்கு, மிளகு, ஏலம் ஏற்றுமதி. அப்பா செங்கோட்டைக்காரர். மீட்டர்கேஜ் ரயிலில் புனலூர் வழியாக மலையிறங்கிக் கொல்லம் வந்து, அங்கிருந்து கொச்சிக்கு வந்து, கிளீனராக ஏறி டிரைவராக நிமிர்ந்தவர். பஜார் ரோட்டில் எல்லோருக்கும் அவர் ‘அண்ணாச்சி’. முதலாளிக்கு மட்டும் ‘டிரைவர்’.

கிடங்குக்குக் காயல் பக்கம் ஒரு வாசல், தெருப்பக்கம் ஒரு வாசல், நடுவே பெரிய முற்றம். முற்றம் முழுக்க இஞ்சி காயும். சுண்ணாம்பில் புரட்டிய சுக்கைப் பெண்கள் உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். அந்த முற்றத்தின் மூலையில்தான் வண்டிக்குக் கொட்டகை. சுக்குக்கு வாசம்தான் விலை. அதன் பக்கத்தில் எஞ்சின் ஆயில் வாடை அடித்தால் கிடங்கு மேனேஜர் முதலாளியிடம் போவார்; முதலாளி டிரைவரைக் கூப்பிடுவார்; டிரைவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. எனவே அப்பா பதினைந்து கிலோ எண்ணெய் டின் ஒன்றை வெட்டி விரித்து, கையைக் கிழிக்காதபடி ஓரத்தை மடித்துத் தட்டி, ஒரு தட்டு செய்தார். அதில் மரத்தூளைப் பரப்பி, ராத்திரி வண்டிக்கு அடியில் தள்ளிவிடுவார். காலையில் முதலாளி வருமுன் இழுத்து மறைத்துவிடுவார். முதலாளி வந்து பார்க்கும்போது தரை சுத்தமாக இருக்கும். ஆக, வண்டி சொட்டாது.

வண்டி நன்றாகவே சொட்டியது. அதில் வண்டியைக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் காலத்து இங்கிலாந்து வம்ச எஞ்சின்கள் பலவற்றின் அமைப்பே அப்படி. கிராங்க் ஷாஃப்ட் எஞ்சினின் பின்பக்கம் வெளியே வரும் இடத்தில் இன்றைக்குப் போல ரப்பர் சீல் கிடையாது. தண்டின் மேல் திருகு மரை போல ஒரு சுருள் பள்ளம் வெட்டியிருப்பார்கள். எஞ்சின் சுற்றும்போது அந்தப் பள்ளம் ஆயிலை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். எஞ்சின் நின்றதும் தள்ள ஆளில்லை. பள்ளத்தில் மிச்சமிருப்பது நிதானமாக வெளியே வரும். ஓடும்வரை ஒழுக்கம், நின்றதும் கசிவு. பிஎம்சி கம்பெனியின் 1489 சிசி எஞ்சினில் இருந்ததும் இந்த ஏற்பாடுதான். எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே எஞ்சின்தான். அந்தக் காரை இன்றும் வைத்திருக்கும் வெள்ளைக்காரர்கள் அதன் கசிவைப் பாசத்தோடு பேசுகிறார்கள். முதலாளி வண்டியும் அந்த இனம்தான். ஆனால் பாசத்தோடு பேச அப்பாவுக்கு வசதிப்படவில்லை.

பள்ளிக்கூட விடுமுறையில் நான் கிடங்குக்குப் போய்விடுவேன். தட்டை இழுத்ததும் அப்பா அதைக் கொஞ்ச நேரம் வாசிப்பார். மரத்தூளில் முன்பக்கம் கறை என்றால் டைமிங் கவர். பக்கவாட்டில் என்றால் டேப்பட் கவரின் கார்க் பேக்கிங் நசுங்கிவிட்டது. நடுவுக்குப் பின்னால் என்றால் அந்தச் சுருள் பள்ளம். அது வழக்கமான வரவு, கணக்கில் எடுக்க வேண்டாம். இன்னும் பின்னால் கறை விழுந்தால் விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோவார். கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். அப்போதுதான் முகம் மாறும்.

“சொட்டுற வரைக்கும் பயமில்லல. உள்ள ஆயில் இருக்குன்னு அர்த்தம். நின்னுட்டுதுன்னாத்தான் பாக்கணும்” என்பார்.

அதன்பிறகு டிப்ஸ்டிக்கை உருவி, திருப்பூர்க்காரர்கள் அனுப்பும் பனியன் வேஸ்டில் துடைத்து, மறுபடி செருகி, உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். குறைந்தால் ஊற்றுவார். இந்தப் பூசை முடியாமல் சாவியைத் தொடமாட்டார்.

தட்டில் சேர்ந்ததை வீணாக்குவதும் கிடையாது. மரத்தூள் போடாத நாட்களில் தேங்கிய ஆயிலை ஒரு டப்பாவில் வடித்து வைத்துக்கொள்வார். மழைக்காலம் தொடங்குமுன் வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்பிரிங் பட்டைகளிலும் சேசிஸிலும் அதைப் பிரஷ்ஷால் பூசுவார். உப்புக்காற்று பட்ட இரும்பு தானாகவே உதிரும் ஊர் கொச்சி. எஞ்சின் தன் கசிவால் தன் சேசிஸைத் துருவிலிருந்து காப்பாற்றியது.

தோப்பும்படிப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப். அதன் ஆசான் குனிந்து பார்க்கமாட்டார். அப்பா சொன்னதைக் கேட்டுவிட்டுக் கத்தரியை எடுப்பார். பேக்கிங் என்பது கடையில் வாங்கும் சாமான் அல்ல, வெட்டிச் செய்யும் சாமான். கார்க் ஷீட் இருந்தால் கார்க். இல்லாவிட்டால் பேக்கிங் பேப்பரைப் பாகத்தின் மேல் விரித்து, ஓரமெல்லாம் சுத்தியலின் உருண்டை முனையால் தட்டித் தட்டி அச்சு எடுத்துவிடுவார். அதுவும் இல்லாத நாளில் கெட்டியான கல்யாணப் பத்திரிகை. யாரோ ஒரு மணமகளின் பெயர் முதலாளியின் எஞ்சினுக்குள் ஆயிலில் ஊறிக்கொண்டிருந்தது. மேலே ஷெல்லாக் தடவி இறுக்கினால் ஒரு மழைக்காலம் தாங்கும். வழியில் பெட்ரோல் டேங்க் கசிந்தால் துணி சோப்பைத் தேய்த்து அடைப்பார்கள். சேம்பரில் கல் பட்டு விரிசல் விட்டால் எம்-சீல். அந்த ஒர்க்‌ஷாப்பில் பில் என்ற பொருளை நான் பார்த்ததே இல்லை.

சங்கடம் எல்லாம் ஜங்காரில், அதாவது வண்டிகளை ஏற்றிப் போகும் படகில்தான். முதலாளிக்கு வைப்பின் தீவிலும் தொழில். முனம்பம் போய் இறால் பார்ப்பார். அப்போது எறணாகுளத்திலிருந்து வைப்பினுக்குப் பாலம் கிடையாது. ஃபோர்ட் கொச்சியில் வண்டியை ஜங்காரில் ஏற்றி, அழிமுகத்தைக் கடந்து, அக்கரையில் இறக்கி, தீவின் ஒற்றை ரோட்டில் வடக்கே ஓட்ட வேண்டும். ஜங்கார் கிளம்பியதும் முதலாளி காற்று வாங்க இறங்கிவிடுவார். வண்டியோ சூடாக வந்து இப்போதுதான் நின்றிருக்கிறது. அதாவது, சொட்டுவதற்கு மிகச் சரியான நேரம். வெறும் பலகைத் தளம். தகரத் தட்டு கிடங்கில் கிடக்கிறது.

அப்பா ஒரு சாக்கை நான்காக மடித்து சீட்டுக்கு அடியில் வைத்திருப்பார். முதலாளி சீனவலைகளின் பக்கம் திரும்பிய நொடியில் அது வண்டிக்கு அடியில் போய்விடும். அக்கரை நெருங்கும்போது எப்படியோ திரும்பி வந்துவிடும். ஜங்கார்க்காரர்களுக்கு இது தெரியும். ஒருவர் முதலாளியிடம் மீன் விலை பேசி அவரைக் கம்பிப் பக்கமாகவே நிறுத்தி வைப்பார். அவருக்கு அப்பா ஒரு பீடிக்கட்டு கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு சொட்டு ஆயிலை மறைக்க ஒரு டிரைவர், ஒரு ஆசான், ஒரு ஜங்கார் தொழிலாளி, ஒரு மரத்தூள் வியாபாரி என்று ஊரே வேலை பார்த்தது. விவரம் தெரியாத ஒரே மனிதர், வண்டிக்குச் சொந்தக்காரர்.

இனி இன்றைக்கு வருவோம். 2004இல் கோஸ்ரீ பாலங்கள் வந்துவிட்டன. போல்காட்டி, வல்லார்பாடம் என்று தீவு தீவாகத் தாண்டி வைப்பின் எறணாகுளத்தோடு ஒட்டிக்கொண்டது. தீவின் செறாயியில் பிறந்த சீர்திருத்தவாதி சகோதரன் அய்யப்பன் கண்ட கனவு அது. அவர் 1968இலேயே காலமாகிவிட்டார். 2018இல் ஜங்காருக்குப் பதில் கொச்சிக் கப்பல் கட்டுந்தளம் கட்டிய ரோ-ரோ படகுகள் வந்தன. 2023இல் வாட்டர் மெட்ரோவும் வந்தது. குளிர்சாதன வசதியோடு ஹைகோர்ட்டிலிருந்து வைப்பினுக்கு. பாலம் வந்தபின் தீவில் நிலம் வாங்கி வீடு கட்டியவர்களில் நானும் ஒருவன். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் ஆயுள் முழுக்கக் கணக்கெழுதி ஓய்வு பெற்றபோது ஆசை ஒன்று பாக்கி இருந்தது. முதலாளி மாதிரி ஒரு வண்டி. வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த டாக்டர் ஒருவரிடமிருந்து ஜெர்மன் சொகுசு வண்டி ஒன்று இரண்டாம் கையாக வந்து சேர்ந்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம். அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். எஞ்சினைக் காணோம். முன்பம்பரிலிருந்து கியர்பாக்ஸ் வரைக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தட்டு ஒன்று வழுவழுவென்று மூடியிருந்தது. அண்டர் ட்ரே என்று பெயர். வேகமாகப் போகும்போது அடியில் காற்று சிக்காமல் வழுக்கிப் போகும், அதனால் எரிபொருள் மிச்சம். எஞ்சின் சத்தம் ரோட்டுக்குக் கேட்காது. மழைத்தண்ணீர் பெல்ட்டில் தெறிக்காது. எல்லாம் நியாயமான காரணங்கள். ஜெர்மனியில் வேகவரம்பே இல்லாத நெடுஞ்சாலைகள் உண்டு. அங்கே இந்தத் தட்டின் அருமை தெரியும். வைப்பின்–முனம்பம் ரோட்டில், தனியார் பஸ்ஸுக்குப் பின்னால், நானும் காற்றை வழுக்கவிட்டுக்கொண்டு போனேன்.

தட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதை விளம்பரத்தில் சொல்வதில்லை. மேலேயிருந்து சொட்டும் ஆயிலை அது வாங்கி வைத்துக்கொள்ளும். ஒலியை அடக்க உள்பக்கம் ஒட்டியிருக்கும் பஞ்சு விரிப்பு உறிஞ்சிக்கொள்ளும். தரையில் ஒரு பொட்டு விழாது. கொட்டகைக்கு நான் போட்ட டைல்ஸ் பளபளவென்றிருந்தது. விருந்தாளிகளிடம் அதைக் காட்டிப் பெருமை பேசியிருக்கிறேன்.

அப்பாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. எங்களோடுதான் இருக்கிறார். காலையில் திண்ணையிலிருந்து இறங்கி வண்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பார். ஒருநாள் கேட்டார்:

“கீழ ஒண்ணுமே சொட்டலையால?”

“இல்லப்பா.”

“டிப்ஸ்டிக் எங்க இருக்கு?”

“இதுல டிப்ஸ்டிக் கிடையாதுப்பா. ஸ்கிரீன்ல காட்டும்.”

அப்பா பதில் சொல்லவில்லை. சொட்டாத வண்டி, டிப்ஸ்டிக் இல்லாத எஞ்சின். எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கம்பிகூடத் தராத வண்டியை இவன் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான் என்ற பார்வை மட்டும் இருந்தது.

ஸ்கிரீன் ஒருநாள் காட்டியது. மஞ்சள் விளக்கு, ஆயில் ஒரு லிட்டர் ஊற்று என்று உத்தரவு. ஊற்றினேன். கொஞ்சநாளில் மறுபடியும் அதே உத்தரவு. பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். கண்ணாடிச் சுவர், காப்பி மெஷின், சோபா. வண்டி உள்ளே போகும், நாம் போகக்கூடாது. டேப்லெட்டோடு வந்த இளைஞர் மிகுந்த மரியாதையோடு பேசினார்.

“சார், ஆயில் லீக் சஸ்பெக்ட் பண்றோம். அண்டர் ட்ரே கழற்றினால்தான் பார்க்க முடியும். கழற்ற லேபர் சார்ஜ் உண்டு.”

“கழற்றிப் பாருங்க.”

“கழற்றினா கிளிப்புகள் உடையும் சார். ஒருதடவைதான் யூஸ் பண்ணலாம். ட்ரேயிலயும் கிராக் இருக்கு. மூணு பீஸ் சார். முன்னால, நடுவுல, பின்னால. தனித்தனி பார்ட் நம்பர்.”

“மூணும் வேணுமா?”

“ஒண்ணு இல்லைன்னா இன்னொண்ணு நிக்காது சார். சேசிஸ் நம்பர் போட்டுப் பார்த்துட்டேன். நடு ட்ரேக்குப் பழைய நம்பர் மாறிட்டுது. புது நம்பர்ல வேற பிராக்கெட். பிராக்கெட்டும் மாத்தணும்.”

எஸ்டிமேட் வந்தது. பேக்கிங் நடுவில் எங்கோ ஒரு வரியில் இருந்தது. அதைச் சுற்றிலும் கிளிப், ஸ்க்ரூ, பிராக்கெட், ட்ரே. சில போல்ட்டுகள் அலுமினியம். இறுக்கும்போது அளவாக இழுபடும்படி செய்தவை, கழற்றினால் மறுபடி போடக்கூடாது, அவையும் புதிது. கசியும் ஆயிலை நிறுத்தும் செலவைவிட, கசிவதை மறைக்கும் தட்டைக் கழற்றி மாட்டும் செலவு அதிகம். மொத்தத் தொகை, அப்பா வேலையிலிருந்து நின்றபோது முதலாளி கொடுத்தனுப்பிய தொகையைத் தாண்டியது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். காப்பி நன்றாக இருந்தது.

அந்த யோசனையை முடித்து வைத்தது கடல். வைப்பினில் எடவனக்காடு, நாயரம்பலம் பக்கமெல்லாம் குளிர்மாதங்களில் ஓதம் ஏறும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி வேலைநேரம் பார்க்காமல் உப்புத்தண்ணீர் ஓடைவழி வந்து முற்றத்தில் நிற்கும். கொச்சியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் தீவில் பல இடங்களில் தரைக்கும் கடலுக்கும் நடுவே அந்த ஒரு மீட்டரும் கிடையாது. தண்ணீரில் வண்டியை மெல்லத்தான் செலுத்தினேன். எதிரே லாரி ஒன்று எழுப்பிய அலை ட்ரேயின் முன்விளிம்புக்குள் புகுந்தது. காற்றை வழுக்கவிட வடித்த அதே வளைவு, தண்ணீரை அள்ளிப் பிடித்துக்கொண்டது. படபடவென்று கிளிப்புகள் தெறித்தன. முன் ட்ரே நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு ரோட்டை நக்கியபடி வந்தது. மீன் வாங்க நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சொகுசு வண்டி அடக்கி வைத்திருந்த சத்தமெல்லாம் ஒரேநாளில் வெளியே வந்துவிட்டது.

அப்பா ஒரு கயிற்றோடு வந்தார். நல்ல தேங்காய்நார்க் கயிறு. வண்டிக்கடியில் இப்போது அவரால் படுக்க முடியாது. திண்ணையில் உட்கார்ந்து உத்தரவு போட்டார், நான் படுத்தேன். “சைலன்சர் பக்கம் போவாத, பொசுங்கிரும்” என்பதுவரை எல்லாம் அங்கிருந்தே சொன்னார். அந்தக் கட்டு ஒருதடவைகூட அவிழவில்லை. ஆனால் ஃபோர்ட் கொச்சி போக ரோ-ரோவில் ஏற்றும்போது, தண்ணீர் இறங்கியிருக்கும் நேரங்களில் சாய்தளம் செங்குத்தாக நிற்கும். வண்டியின் தாழ்ந்த மூக்கு அதில் உரசும். ரோ-ரோக்காரர் குனிந்து பார்ப்பார். கயிற்றைப் பார்ப்பார். என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு எந்த பீடிக்கட்டும் போதாது.

கடைசியில் தீவிலேயே ஒரு ஒர்க்‌ஷாப் கிடைத்தது. ஐடிஐ படித்த பையன். மூன்று ட்ரேயையும் கழற்றிச் சுவரில் சாத்தினான். நடு ட்ரேயின் பஞ்சு விரிப்பு ஆயிலில் ஊறிக் கனத்துக் கிடந்தது. அதில் மணலும் உப்பும் சேர்ந்து, ஓதத்தின் சேறும் கலந்து, சேம்பரின் அடிப்பக்கம் துருப்பிடிக்க வேண்டிய ஏற்பாடெல்லாம் தயாராக இருந்தது. பழைய கசிவு இரும்பைக் காப்பாற்றியது; புதிய கசிவு உப்போடு கூட்டுச்சேர்ந்து இரும்பைத் தின்றது.

பையன் ஆயிலில் ஒரு சாயத்தைக் கலந்து, கொஞ்சம் ஓட்டிவரச் சொல்லி, கொட்டகையை இருட்டாக்கி, அல்ட்ராவயலட் டார்ச் அடித்தான். எஞ்சினின் வயிற்றில் மஞ்சளும் பச்சையுமாக வழித்தடங்கள் ஒளிர்ந்தன. எங்கே தொடங்கி எங்கே வழிகிறது என்று விரலால் காட்டினான். டேப்பட் கவர் பேக்கிங் இறுகிக் கெட்டியாகியிருந்தது. ஆனால் நோய் அது இல்லை, அது அறிகுறி என்றான். நோய் மூச்சில் இருந்தது.

பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் புகை எப்போதும் சேம்பருக்குள் இறங்கும். அது வெளியே போக வழி வேண்டும். முதலாளி வண்டிக் காலத்தில் அதற்கு ஒரு குழாய். நேராக ரோட்டைப் பார்த்து நீட்டியிருக்கும். எஞ்சின் தன் கெட்ட மூச்சை ஊர்மேல் விட்டுவிட்டு நிம்மதியாக ஓடியது. 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாக்காரர்கள் இதைத் தடுத்தார்கள். அதன்பின் எஞ்சின் தன் மூச்சைத் தானே விழுங்கி எரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு வால்வு, அதில் மெல்லிய ரப்பர் சவ்வு. சவ்வு கெட்டு வழி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். ஆயில் எந்த சீல் இளைத்திருக்கிறது என்று பார்த்து அதன்வழி வரும். உள்ளங்கை அளவுச் சவ்வு. பையன் அதை மாற்றினான், பேக்கிங் மாற்றினான். பாகங்கள் கூரியரில் வந்தன. கசிவு முக்கால்வாசி நின்றது. சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டின் ஒரு ஓரத்தில் அடங்கும் செலவு.

மிச்சம் கால்வாசி எங்கே என்று டார்ச் அடித்தபோது அப்பாவும் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தார். எஞ்சினின் பின்பக்கம், கிராங்க் வெளியே வரும் இடம். இப்போது அங்கே சுருள் பள்ளம் இல்லை. அருமையான சீல் இருக்கிறது. அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அப்பா அந்த ஒளிரும் பொட்டை ரொம்ப நேரம் பார்த்தார்.

“அங்கயேதானா?” என்றார். பழைய சிநேகிதரை விசாரிக்கிற குரல்.

இரண்டு வண்டிக்கும் நடுவே நாற்பது வருஷம். எஞ்சின் கலையில் நடந்திருக்கும் முன்னேற்றத்தைக் கேலி செய்ய எனக்குத் தகுதியில்லை. இந்த எஞ்சின் அதைவிடச் சின்னது, சக்தி பலமடங்கு, புகை கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் சுற்றுகிற தண்டு ஒன்று சுவரைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் என்றைக்காவது கசியும். அன்றும் கசிந்தது, இன்றும் கசிகிறது. மாறியது, யார் கண்ணில் படுகிறது என்பதுதான். ஓட்டியவருக்கு அன்று எல்லாம் தெரிந்தது, உட்கார்ந்தவருக்கு ஒன்றும் தெரியாது. இன்று ஓட்டுபவனும் நான், உட்கார்பவனும் நான். எனக்கும் ஒன்றும் தெரியாது. முதலாளி ஆக வேண்டும் என்ற ஆசை இப்படி முழுசாக நிறைவேறும் என்று எதிர்பார்க்கவில்லை.

முதலாளியின் வண்டியிலும் அண்டர் ட்ரே இருந்தது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அதற்கு மாதச் சம்பளம். பண்டிகைக்கு ஒரு வேட்டி.

கண்ணில் படாத கசிவு ஊருக்கும் புதிதல்ல. 2025 மே 25 அன்று எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் 640 கன்டெய்னர்களோடு கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அதன் வயிற்றில் 367 டன் ஃபர்னஸ் ஆயிலும் 84 டன் டீசலும் இருந்ததாகக் கணக்கு. முதலில் கடல்மேல் படலம் தெரிந்தது, எல்லோரும் பதறினோம். அப்புறம் படலம் மெலிந்தது, பதற்றமும் மெலிந்தது. டாங்கிகளை அடைக்க டைவர்கள் ஏறக்குறைய 50 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது, கரையில் பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விட்டது. முனம்பத்து வள்ளக்காரர்கள் மட்டும் அதை மறக்கவில்லை. வலையை இழுக்கிறவர்களுக்குத் தட்டில் என்ன விழுகிறது என்று தெரியும். மேலேயிருந்து பார்ப்பவர்களுக்குக் கடல் நீலமாகவும் வழுவழுப்பாகவும் இருந்தது.

கியர்பாக்ஸ் இறக்குவதா வேண்டாமா என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். நடு ட்ரே கிழிந்துபோனதால் மாட்டவில்லை. சொகுசு வண்டி கடைசியில் டைல்ஸ் மேல் ஒழுங்காகச் சொட்டத் தொடங்கியது. அப்பாவுக்கு ஆரோக்கியம் கூடிவிட்டது. காலையில் காப்பிக்கு முன் போய்ப் பார்த்துவிட்டு, “நேத்தையவிடக் கொறைவுதான்” என்று அறிக்கை கொடுப்பார். அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து அவரே விரித்து வைத்தார்.

என் மனைவிக்கு டைல்ஸ்தான் பெரிது. வண்டியை விற்றுவிட முடிவானது. புரோக்கர் வந்தார், செறாயிப் பக்கத்துப் பையன், கையில் இரண்டு போன். வண்டியைச் சுற்றினார், முட்டி போட்டுக் குனிந்தார், போன் வெளிச்சத்தை அடியில் அடித்தார்.

“சாரே, நடு ட்ரே இல்லையே. கொச்சியில ஒரு டாக்டர் பார்ட்டி ரெடியா இருக்கு. அவங்க கீழ எட்டிப் பார்த்தா விலை குறைப்பாங்க. புதுசு ஒண்ணு போட்டிருங்க.”

“ட்ரே கிடக்கட்டும்ப்பா. பின் சீல் கசியுது. வாங்குறவங்ககிட்ட அதைச் சொல்லணும். இல்லைன்னா கியர்பாக்ஸ் இறக்கி மாத்திக் கொடுக்கணும். அதுக்கு எவ்வளவு ஆகும்னு கேட்டுச் சொல்லு.”

புரோக்கர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அது எதுக்கு சாரே? அதான் ட்ரே போடுறோமே.”

அப்பா திண்ணையிலிருந்து ரொம்ப நேரம் சிரித்தார். பையன் போனபிறகு சொன்னார்:

“நம்ம காலத்துல பொறந்திருந்தா நல்ல டிரைவரா வந்திருப்பாம்ல இவன்.”